பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து

எங்கள் நிறுத்தத்தில் அவருக்கு ரெஜிஸ்டர் அக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நிமிடம் யோசித்துத்தான் திரும்புவார்.

பெரிய மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அறையில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனது. தரை துடைக்கச் சேர்ந்தவர், அந்த அறையில் ஆள் குறைந்த ஒரு வாரம் உதவிக்குப் போனார். அதோடு சரி, அவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவார். பச்சைத் துணியில் மூட்டை கட்டி, மேலே ஒரு நாடா ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் அடுக்குவார். சூடு சரியாக ஏறியிருந்தால் அந்த நாடாவில் கறுப்புக் கோடுகள் விழும். மூட்டை உள்ளே போன நேரம், வெப்பம், வெளியே வந்த நேரம், கையெழுத்து என்று எல்லாம் ஒரு தடித்த பதிவேட்டில் ஏறும். ஒரு நிமிடம் குறைந்தாலும் மூட்டை மறுபடி உள்ளே போய்விடும்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. அவர் கணவர் சுவருக்கு வண்ணமடிப்பவர். சமையலறைக்கு வண்ணமடித்துத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்த தேதிகள் மட்டும் அக்காவின் நோட்டில் ஒரு பக்கத்துக்கு வரிசையாக இருந்தன.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அதே நிறுத்தத்தில் பத்து வருடம் நின்றவன். அங்கே ஒரு தகரப் பலகை உண்டு. 'தடம் எண் 7. சராசரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து' என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து எங்களில் யாரும் சிரிப்பதுகூட இல்லை. சிரித்துச் சிரித்துச் சலித்துப்போயிருந்தது.

ஒரு திங்கட்கிழமை அக்கா ஆறு ஐந்துக்கு நிறுத்தத்துக்கு வந்தார். பேருந்து வந்தது ஆறு ஐம்பத்தெட்டுக்கு. ஏழு மணிக்கு இருக்கவேண்டியவர் ஏழு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தார். முதல் அறுவை சிகிச்சை அரை மணி தள்ளிப்போனது. நிர்வாக அலுவலர் அவரை அறைக்கு அழைத்தார்.

"மேசையில படுத்திருந்த ஆளு பயந்துபோய் எழுந்து உக்காந்துட்டாராம். தெரியுமா?"

"தெரியும் சார். அவர்கிட்ட நான்தான் மன்னிப்புக் கேட்டேன்."

"இது மூணாவது தடவை."

"மூணு தடவையும் பஸ் வரல சார்."

அலுவலர் ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். "சராசரியா பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ்னு அவங்க கையெழுத்து போட்டே குடுத்திருக்காங்க. ஆறு பத்துக்கு நீங்க ஸ்டாப்புக்கு வந்தாக்கூட ஆறு இருபத்தஞ்சுக்கு பஸ் கிடைக்கணும்."

"ஆறு அஞ்சுக்கே வந்துட்டேன்."

"அப்ப இந்தக் கடிதம் பொய்யா?"

"அது எனக்குத் தெரியாது சார். நான் நின்னது பொய்யில்ல."

அவர் ஒரு தாளை நகர்த்தினார். 'என் கவனக்குறைவால் தாமதமாக வந்தேன். இனி இவ்வாறு நேராது' என்று அச்சடித்திருந்தது. அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டார்.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கு. நான் கவனமாத்தான் நின்னேன். இதுல கையெழுத்து போட மாட்டேன்."

"போடலைன்னா விசாரணை வரும்."

"வரட்டும் சார்."

வீட்டில் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு கையெழுத்துதானே, கிறுக்கிட்டு வரவேண்டியதுதானே? சொத்தையா எழுதிக் கேட்டாங்க?"

"பத்தொம்பது வருஷமா நடக்காத ஒண்ணுக்கு நான் கையெழுத்து போட்டதில்ல. ஒரு கத்திரிக்குக்கூடப் போட்டதில்லங்க. இப்ப என் மேலயே நான் பொய் எழுதிக்கணுமா?"

கணவர் அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் சமையலறைச் சுவர் பக்கம் பேச்சுத் திரும்பும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாளே ஒரு புது நோட்டு வாங்கினார் அக்கா. நிறுத்தத்துக்கு நேர் எதிரே ஓர் இஸ்திரிக்காரர் வண்டி போட்டிருந்தார். ஆறு மணிக்கு வந்தால் ஒன்பது வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்.

"அண்ணே, ஏழாம் நம்பர் பஸ் ஒவ்வொண்ணும் எப்ப வருதுன்னு மணி பாத்து எழுதி வைப்பீங்களா?"

"சட்டையில பொத்தான் இருக்கா இல்லையான்னே நான் பாக்கறதில்ல. என்னப் போயி பஸ்ஸப் பாக்கச் சொல்றியேம்மா" என்றார் அவர். ஆனால் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் போனதும் அவருக்கு அது வெறியாகவே பிடித்துக்கொண்டது. துணி வாங்க வந்தவர்களை "கொஞ்சம் இருங்க, பஸ் வருது" என்று நிறுத்திவைத்துவிட்டு மணி பார்த்தார். என் சட்டை ஒன்றின் காலர் அந்தக் கணக்கில் கருகிப்போனது.

ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் அக்கா நோட்டில் ஒரு பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். ஆறிலிருந்து ஒன்பதுவரை, ஒரு பேருந்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்று வரிசையாக எழுதியிருந்தார்: 2, 3, 41, 1, 2, 38, 4, 3, 2, 44, 37, 3.

"கூட்டிப் பாருங்க தம்பி."

கூட்டினேன். நூற்று எண்பது. பன்னிரண்டு இடைவெளி. வகுத்தால் மிகச் சரியாகப் பதினைந்து. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அக்கா, பலகையில இருக்கறது சரிதான்போல" என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சரியேதான். அதான் எனக்குக் கோவம். பொய்யா இருந்திருந்தா கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன்."

மற்ற நாட்களின் பக்கங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. சராசரி ஒருநாள் பதினான்கு, ஒருநாள் பதினாறு. ஆனால் பதினைந்து நிமிட இடைவெளியில் ஒரு பேருந்துகூட வந்த பாடில்லை. ஒட்டிக்கொண்டு வந்தன, இல்லையென்றால் ஒரேயடியாகக் காணாமல் போயின.

மருத்துவமனையில் அக்காவோடு மதியம் சாப்பிடுபவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். எல்லோருக்கும் அவர் லேப் அம்மா. அவருடைய சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். தினமும் காலையில், அளவு முன்பே தெரிந்த ஒரு மாதிரியை இயந்திரத்தில் போட்டுப் பார்த்து, வந்த எண்ணுக்கு ஒரு புள்ளி வைப்பார். நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் இரண்டு கோடுகள். அக்கா அந்தப் படத்தைப் பல வருடமாகப் பார்த்திருந்தும் கேட்டதில்லை. அன்று நோட்டைக் காட்டியபோது லேப் அம்மா சாப்பாட்டை ஓரம் தள்ளி வைத்தார்.

"நடுக்கோடு சராசரி. அது மட்டும் சரியா இருந்தா போதாது. ஒருநாள் ரொம்ப ஏறி, மறுநாள் ரொம்ப இறங்கினாலும் சராசரி அழகாத்தான் இருக்கும். ஆனா அந்த மெஷினை நம்பி யாருக்கும் மருந்து குடுக்க முடியாது. அதனால புள்ளிங்க நடுவுலேர்ந்து எவ்வளவு விலகி நிக்குதுன்னும் பாக்கணும்."

"அது எப்படிப் பாக்கறது?"

"உங்க நோட்டுலயே பாக்கலாம். பதினஞ்சுலேர்ந்து ஒவ்வொண்ணும் எவ்வளவு தள்ளி இருக்கு? ரெண்டு நிமிஷம்னா பதிமூணு குறைவு. நாப்பத்தொண்ணுன்னா இருபத்தாறு அதிகம். இப்படியே எழுதுங்க."

அக்கா எழுதினார். எழுதிக் கூட்டினார். பூஜ்யம் வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று மறுபடி கூட்டினார். மறுபடியும் பூஜ்யம்.

"அப்படித்தான் வரும்" என்றார் லேப் அம்மா. "குறைஞ்சதும் கூடினதும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

அக்காவின் முகம் சிவந்துவிட்டதாம். "அடிச்சுக்கிட்டுப் போயிடுமா? நான் நின்ன நாப்பத்தொரு நிமிஷத்த, ரெண்டு நிமிஷத்துல வந்த காலி பஸ்ஸ வெச்சு அழிச்சிடுவாங்களா? என் கால்வலி எங்க போகும்?"

"அது போகக்கூடாதுன்னுதான் ஒரு வழி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு விலகலையும் அதாலயே பெருக்குங்க. அப்ப குறைவுன்னும் அதிகம்னும் இல்லாம எல்லாமே கூடுதலாயிடும். பெரிய விலகல் ரொம்பப் பெருசாத் தெரியும். அதுக்குச் சராசரி எடுத்து, வர்ற எண்ணுக்கு வர்க்கமூலம் பாத்தீங்கன்னா திட்ட விலக்கம். எங்க படத்துல மேலயும் கீழயும் கோடு போடறது அத வெச்சுத்தான்."

இருவரும் சேர்ந்து கணக்கைப் போட்டார்கள். ஏறக்குறைய பதினெட்டு வந்தது. லேப் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "சராசரி பதினஞ்சு, விலகல் பதினெட்டு! என் மெஷின் இப்படிக் காட்டினா நான் அத ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்டுடுவேன்."

அந்த வாரமே அக்கா போக்குவரத்து அலுவலகத்துக்குக் கிளம்பினார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். எனக்குப் பயம்தான். ஆனால் அந்த நோட்டுக்காகவே கருகிய காலரைப் போட்டுக்கொண்டு முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கிளை மேலாளர் நோட்டை வாங்கி நிதானமாகப் புரட்டினார். அவருக்குக் கணக்கு நன்றாகவே வரும். அதுதான் எங்களுக்கு வினையாகப் போயிற்று.

"நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்கம்மா. பன்னெண்டுல எட்டு தடவை அஞ்சு நிமிஷத்துக்குள்ள அடுத்த பஸ் வந்திருக்கு. எல்லாத்தையும் சின்னதுலேர்ந்து பெருசா அடுக்கி நடுவுல நிக்கறத எடுத்தா மூணு நிமிஷம். மூணே நிமிஷம்! சராசரியைவிட நல்லா இருக்கு. நாங்களே இவ்வளவு பெருமையடிச்சு எழுதல."

நான் எழுந்திருக்கத் தயாராகிவிட்டேன். அக்கா நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த எட்டு பஸ்ல யாரு சார் ஏறினா? முன்னாடி வந்தது எங்க எல்லாரையும் புளிமூட்டையா அள்ளிக்கிட்டுப் போயிடுது. பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றது காத்தாடிக்கிட்டுப் போகுது. நடுவுல நிக்கற எண்ணு பஸ்ஸோட கதை. எங்க கதை இந்த நாலு எண்ணுல இருக்கு. நாப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு, நாப்பத்துநாலு, முப்பத்தேழு. கூட்டினா நூத்தறுபது. மூணு மணி நேரத்துல நூத்தறுபது நிமிஷம் இதுக்குள்ளதான் இருக்கு. ஒருத்தர் எப்ப வந்து நின்னாலும் இதுல ஒண்ணுலதான் மாட்டுவார். பத்துல ஒம்போது பேருக்கு இதான் கதி."

மேலாளர் நோட்டை மூடினார். "மூணு மணி நேரத்துக்குப் பன்னெண்டு நடை ஓட்டணும். பன்னெண்டும் ஓடியிருக்கு. எங்க மேல குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"நடை எண்ணினீங்க. நிக்கறவங்கள எண்ணலையே சார்?"

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பாக்கறோம்."

எழுதிக் கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. பேருந்துகள் சராசரியாகப் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று இயங்குகின்றன என்று.

அந்தத் தாளைப் படித்த மறுநாள், ஆறு ஐம்பதுக்கு மூன்று பேருந்துகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. முதலாவது நிரம்பி வழிந்துகொண்டு புறப்பட்டது. அதில் இடம் கிடைக்காத நாங்கள் இரண்டாவதை நோக்கி ஓடினோம். அக்கா ஓடவில்லை. நடந்துபோய் அந்தப் பேருந்துக்கு முன்னால் சாலையில் நின்றார். கையில் நோட்டு.

"ஏம்மா, வழிய விடும்மா!" என்று ஓட்டுநர் கத்தினார்.

"விடறேன். ஏழு அஞ்சுக்கு விடறேன்."

"என்னது?"

"முன்னாடி போன பஸ் ஆறு அம்பதுக்குப் போச்சு. பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க ஏழு அஞ்சுக்குப் போங்க. பின்னாடி இருக்கறவரு ஏழு இருபதுக்குப் போகட்டும்."

உள்ளேயிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டி, "எங்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா?" என்று சத்தம் போட்டார்.

"இருக்கும்மா. எனக்கும் இருக்கு, இன்னிக்கு எனக்கும் நேரமாகத்தான் போகுது. ஆனா நீங்க ஏறின ஸ்டாப்ல இப்ப வர்றவங்களுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் பஸ் இல்ல. நாளைக்கு அது நீங்களா இருக்கும்."

மூன்றாவது பேருந்து ஒதுங்கி முந்தப் பார்த்தது. அதற்குள் இஸ்திரிக்காரர் தன் வண்டியை, கனன்றுகொண்டிருந்த பெட்டியோடு, சாலையின் நடுவே தள்ளிவந்து நிறுத்திவிட்டார். "எல்லாம் சட்டைங்க. இடிச்சா பத்து வீட்டுக்குப் பதில் சொல்லணும்" என்றார். நானும் போய் அக்கா பக்கத்தில் நின்றேன். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இருபது பேருக்கு மேல் எங்கள் பின்னால் வந்து நின்றார்கள்.

ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எதிர்க்கடைக்குப் போய் ஒரு டீ வாங்கினார். "எனக்கென்ன, டிப்போவுல மூணு பேர்கிட்டயும் ஒரே நேரத்துல கையெழுத்து வாங்கி ஒண்ணா அனுப்பறாங்க. நடுவுல ஆள் நின்னு பிரிச்சு விட்டாத்தானே ஆகும்? எட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நிம்மதியா டீ குடிக்கறேன்."

ஏழு ஐந்துக்கு அக்கா விலகினார். பேருந்து போனது. ஏழு இருபதுக்கு அடுத்தது.

மூன்று நாள் காலை இப்படியே நடந்தது. மூன்று நாளும் அக்கா மருத்துவமனைக்குத் தாமதம். நான்காம் நாள் காவலர் இருவரும், ஒரு ஜீப்பில் கிளை மேலாளரும் வந்து இறங்கினார்கள். ஏழு முப்பத்தாறுக்குக் கொத்தாக வந்த பேருந்துகளை, மறிக்கவிடாமல் காவலரே வழியனுப்பி வைத்தார்கள். காவலர் பெயர், முகவரி எல்லாம் எழுதத் தொடங்கினார்கள். அக்கா எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொது இடத்துல பஸ்ஸ மறிக்கறது குற்றம்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் மேலாளர்.

"தெரியும் சார். எழுதிக்கிட்டாங்க. இப்ப ஒரு உதவி பண்ணுங்க. அடுத்த பஸ் வர்றவரைக்கும் எங்ககூட நில்லுங்க. பதினஞ்சு நிமிஷம்தானே?"

சுற்றி நாற்பது பேர். அவரால் போகவும் முடியவில்லை. நின்றார். பத்து நிமிடம் கைபேசியைப் பார்த்தார். இருபதாவது நிமிடம் கைக்குட்டையை எடுத்தார். முப்பதாவது நிமிடம் ஒரு பாட்டாளி தன் சாப்பாட்டுப் பையை அவர் காலடியில் வைத்துவிட்டு, "கொஞ்சம் நகருங்க சார்" என்றார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அக்கா நிமிடத்தைச் சத்தமாகச் சொல்லவும் இல்லை. எட்டு இருபதுக்குப் பேருந்து வந்தபோது மேலாளர் ஜீப்பில் ஏறிப் போனார்.

மருத்துவமனை விசாரணை அதற்கடுத்த வாரம். தாமதத்தோடு காவல் நிலைய எச்சரிக்கையும் இப்போது சேர்ந்திருந்தது. நிர்வாக அலுவலர் பக்கத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளரான ஒரு வயதான மருத்துவர் உட்கார்ந்திருந்தார். அக்கா நோட்டையும், லேப் அம்மா வரைந்து கொடுத்த படத்தையும் மேசைமேல் விரித்தார்.

"சராசரி சரியாத்தானே இருக்கு?" என்றார் அலுவலர், விடாமல்.

"சார், என் பெட்டிக்குள்ள ஒரு மூலை கொதிச்சு, இன்னொரு மூலை வெதுவெதுன்னு இருந்து, நான் சராசரி வெப்பம் சரின்னு எழுதினா ஒத்துக்குவீங்களா? அந்த வெதுவெது மூலையில இருந்த கத்திரிய உங்க வயித்துல வெப்பாங்களே!"

மருத்துவர் இருமினார். சிரிப்பை அடக்கிய இருமல் என்று அக்கா சொல்வார். அவர் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "இந்தம்மா எவ்வளவு முன்னாடி கிளம்பணும்னு இதுல இருந்து உங்களால சொல்ல முடியுதா?" என்று அலுவலரைக் கேட்டார். அலுவலர் நோட்டைப் புரட்டினார், விரல்விட்டு எண்ணினார், பிறகு மருத்துவர் பக்கமே தள்ளிவிட்டார்.

பேருந்து வராத மூன்று தாமதங்களுக்கும் கொடுத்திருந்த மெமோக்கள் திரும்பப் பெறப்பட்டன. சாலை மறியலுக்கும் அந்த நாட்களின் தாமதத்துக்கும் மட்டும் ஒரு கண்டனம் கோப்பில் ஏறியது. அதனால் அந்த வருடம் வரவேண்டிய மூத்த உதவியாளர் பதவி அக்காவுக்கு வரவில்லை, அவருக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போனது. வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தக் கண்டனத்தாளில் மட்டும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். "மறிச்சது நடந்த விஷயம்தானே" என்றார்.

ஒரு மாதத்தில் தடத்தின் முனையில் ஒரு சிறிய கூண்டு வைத்தார்கள். உள்ளே கடிகாரமும் விசிலும் வைத்துக்கொண்டு ஓர் ஆள். சேர்ந்து வரும் பேருந்துகளைப் பிரித்து, நேரம் பார்த்து ஒவ்வொன்றாக அனுப்புவார். போக்குவரத்து அலுவலகம் இதைத் தன் சொந்த யோசனை என்று அறிவித்தது. நாங்கள் மறுக்கவில்லை. இஸ்திரிக்காரர் மறுபடி ஒரு மாதம் எழுதினார். சராசரி அதே பதினைந்து. ஒரு பேருந்துகூட அதிகமாகவில்லை. விலகல் மட்டும் பதினெட்டிலிருந்து நான்குக்கு இறங்கியிருந்தது. காலையில் ஓடுவதை விட்டோம். எனக்குச் செய்தித்தாள் படிக்கக்கூட நேரம் கிடைத்தது.

"ஜெயிச்சாச்சுக்கா" என்றேன்.

"காலையில மட்டும்" என்றார் அவர்.

மாலை நேரத்துக்கு அந்தக் கூண்டில் ஆள் கிடையாது. அடுத்த திங்கட்கிழமை மாலை, மருத்துவமனை வாசலில் உள்ள நிறுத்தத்தில் அக்கா நின்றார். ஐம்பது நிமிடம் கழித்து ஒரு பேருந்து வந்தது. படியில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துனர் அவரைப் பார்த்ததும், "ஐயோ, இங்கயும் வந்துட்டீங்களா?" என்றார்.

"வந்துட்டேன். மணி என்ன சொல்லுங்க."

"அஞ்சு நாப்பது."

"உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் ஸ்லோ" என்று சொல்லி, எழுதிக்கொண்டு, ஏறினார்.